எண்பத்து மூன்று லட்சத்தில் ஒரு புள்ளி

மரியாதைக்குரிய மச்சான் அவர்களுக்கு,

உங்கள் தங்கையின் கணவன் சொந்தக் கையால் எழுதும் முதல் கடிதம். சொந்தக் கை என்பதைக் கையெழுத்தே சொல்லிவிடும். வரிகள் ஏறி இறங்கிக் கிடப்பதற்கும், சில எழுத்துகள் பக்கத்து எழுத்தின் தோளில் சாய்ந்திருப்பதற்கும் மன்னிக்க வேண்டும். நாற்பது வருடம் பேருந்துப் பணிமனையில் டயர் கழற்றிய கை இது. பேனாவையும் ஸ்பேனர் மாதிரிதான் பிடிக்கிறது. இந்தப் பத்திக்கே ஒரு காலைப்பொழுது போய்விட்டது. ஆனால் ஒரு சொல்லைக்கூட யாரும் எடுத்துக் கொடுக்கவில்லை. இங்கே உங்கள் தங்கை நலம், நான் நலம், டிவியும் நலம். அங்கே உங்கள் முழங்கால் வலி இறங்கியிருக்கும் என்று நம்புகிறேன்.

நிற்க. எங்கள் பழைய டிவி கண்ணை மூடியதும், நீங்கள் நாலு கடை ஏறிப் பார்த்துத் தேர்ந்தெடுத்து அனுப்பிவைத்த பெரிய டிவியை நான் கடைக்கே திருப்பிவிட்டேன். கோபப்படுங்கள். பட்டு முடித்துவிட்டு மேலே படியுங்கள்.

நான் நூலக மாடியில் மாலை வகுப்புக்குச் சேர்ந்தபோது, "எழுபத்திரண்டு வயசுல படிச்சு எந்தப் பரீட்சைக்குப் போகப்போறீங்க மாப்ளே?" என்று கேட்டீர்கள். அந்தப் படிப்புக்கு வேலை டிவியில்தான் கிடைத்தது. உங்கள் தங்கை ஏழு வருடமாக ஒரு வேற்றுமொழித் தொடர் பார்க்கிறாள். மூஞ்சியைப் பார்த்தே கதையை யூகித்துக்கொள்வாள். கீழே தமிழில் எழுத்து ஓடுவது எங்கள் இருவருக்கும் அதுவரை வெறும் கோலம். எட்டு மாதப் படிப்பு முடிந்ததும் நான் பக்கத்து நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து உரக்கப் படிக்க ஆரம்பித்தேன். அவள் இத்தனை வருடம் வில்லி என்று திட்டிக்கொண்டிருந்தவள் கதாநாயகனின் அக்கா என்பதே அன்றுதான் தெரிந்தது. அன்றிலிருந்து மணி ஏழானால், "வாங்க, கண்ணாடிய மாட்டுங்க" என்று என்னைத் தேடி வருவாள். கல்யாணமாகி நாற்பத்தாறு வருடத்தில் அவள் என்னைத் தேடியது இந்த ஒரு வேலைக்குத்தான் மச்சான். இதைப் பறிகொடுக்க எனக்கு மனமில்லை.

உங்கள் டிவி வந்த அன்று மாலை, ஆஸ்பத்திரிக் கட்டம். மாமியார் மூக்கில் குழாயோடு படுத்திருக்கிறாள், பேத்தி ஓடிவந்து அழுகிறாள், நான் கீழே இருந்ததைப் படித்தேன்: "பாடடி!" உங்கள் தங்கை திரும்பினாள். "சாகக் கெடக்கிறவளையா பாடச் சொல்றா?" எழுதியிருந்ததைத்தான் படித்தேன் என்றேன். அடுத்து மருமகன் வந்து மாமியாரின் கையைப் பிடித்துச் சொன்னான்: "நமக்குள் போடடி!" அவ்வளவுதான். "மாமியாரையா டீ போட்டுப் பேசுறான்? எவ்வளவு நல்ல பையன்னு நெனச்சேன்!" என்று ஆரம்பித்தவள், கொஞ்ச நேரம் கழித்துச் சந்தேகமாக என்னைப் பார்த்து, "இல்ல, சாக்கோட சாக்கா என்னைத்தான் சொல்றீங்களா?" என்றாள். மூன்று நாள் இதே கூத்து. மூன்றாம் நாள், "உங்களுக்குப் படிக்கத் தெரியல, அடிச்சு விடுறீங்க" என்று சொல்லிவிட்டு, பழையபடி மூஞ்சியைப் பார்த்து யூகிக்க ஆரம்பித்துவிட்டாள். என் நாற்காலி சும்மா கிடந்தது.

மகள் என்னைக் கண் பரிசோதனைக்கு அழைத்துப்போனாள். டாக்டர் காட்டிய அட்டையில் கடைசி வரி வரை படித்தேன். அதற்கும் கீழே பொடி எழுத்தில் இருந்த அச்சகத்தின் பெயரையும் படித்தேன். "போதும் பெரியவரே" என்று அவர் விளக்கைப் போட்டுவிட்டார். அப்படியென்றால் குற்றம் யாருடையது? வீட்டுக்கு வந்து உங்கள் டிவியின் மேல் மூக்கு இடிக்க நின்று பார்த்தேன். 'ட்' வருகிறது, தலையில் புள்ளியோடுதான் வருகிறது, நான் கண் சிமிட்டுவதற்குள் புள்ளி கரைந்து போகிறது. மற்ற எழுத்தில் புள்ளி போனால் சொல்லை யூகித்துவிடலாம், இதில் சொல்லே மாறிவிடுகிறது: போட்டி போடடி ஆகிறது, பாட்டி பாடடி ஆகிறது. டீச்சர் என் நோட்டில் விட்டுப்போன புள்ளிக்கெல்லாம் சிவப்பு வட்டம் போட்டுப் போட்டு எட்டு மாதத்தில் எனக்கு ஏற்றிய புள்ளி மச்சான் அது. அதை ஒரு பெட்டி தின்பதா?

கடைக்குப் போனேன். அங்கே எல்லா டிவியிலும் கிளி பறக்கிறது, அருவி கொட்டுகிறது, யாரோ பழம் நறுக்குகிறார்கள். ஒரு எழுத்துகூட இல்லை. கழுத்தில் டை கட்டிய விற்பனைத் தம்பி, "இதுல எண்பத்து மூணு லட்சம் புள்ளி இருக்கு ஐயா. சின்ன டிவில இருபது லட்சம்தான்" என்றான்.

"எண்பத்து மூணு லட்சத்தை வச்சிக்கிட்டு 'ட்' தலையில ஒண்ணே ஒண்ணு வைக்க முடியலையேப்பா?"

"அது வேற புள்ளி, இது வேற புள்ளி ஐயா. சேனல்ல வர்றது சின்னப் படம். உள்ள இருக்கிற சிப்பு அதைப் பெருசாக்கும், பெருசாக்கும்போது பொடிப்பொடியா தெரியிற தூசியைத் தொடச்சிடும். அதான் இதோட விசேஷமே."

"தமிழ்ல பாதி எழுத்துக்கு மேல தூசிதாம்ப்பா இருக்கு. அந்தத் தொடைக்கிற வேலைய நிறுத்து."

ரிமோட்டை அழுத்தி அழுத்திப் பார்த்தான். "இந்த மாடல்ல 'கொஞ்சம்', 'நிறைய'ன்னு ரெண்டுதான் ஐயா இருக்கு. 'வேண்டாம்' இல்ல."

நான் நகரவில்லை. எங்கள் தொடரைப் பெரியதிலும், மூலையில் கிடந்த சின்னதிலும் பக்கத்தில் பக்கத்தில் போடச் சொன்னேன். "பெருசுல இருக்கிறதை நீயே உரக்கப் படி" என்றேன். தம்பி படித்த பிள்ளை, கூச்சமில்லாமல் ஓங்கிப் படித்தான்: "போடடி!" பின்னால் பில் புத்தகத்தோடு வந்துகொண்டிருந்த மேலாளர் அம்மா அப்படியே நின்றார். "யாரைச் சொன்னே?" தம்பிக்கு டை இறுகிவிட்டது. "மேடம், டிவி... டிவிதான் மேடம்..." நான் சின்ன டிவியைக் காட்டி, "இதுல போட்டின்னு இருக்கும்மா, பாருங்க" என்றேன். அந்த அம்மா கண்ணாடியைத் தூக்கிவிட்டு இரண்டையும் மாறி மாறிப் படித்தார். "ஐயா சொல்றது சரிதான்" என்றார். கடை முழுக்கக் கேட்டது. படிப்பு விஷயத்தில் நான் சொன்னது சரி என்று ஒருவர் சொல்லி என் காதால் கேட்பது எழுபத்திரண்டு வருடத்தில் அதுதான் முதல் தடவை. மறுபடியும் சொல்லச் சொல்லிக் கேட்டேன். சொன்னார்.

ஆகவே மச்சான், அந்தச் சின்ன டிவிதான் இப்போது எங்கள் வீட்டில் ஓடுகிறது. கிளியின் இறகு எண்ண முடியாது. அருவி கொஞ்சம் கஞ்சி மாதிரி இருக்கிறது. இருக்கட்டும். கிளிக்கு இறகு இருப்பது எனக்கு முன்பே தெரியும். இதற்கு எந்தச் சீர்திருத்தமும் தெரியாது, வந்ததை வந்தபடி காட்டும், அது போதும். இனி யார் எத்தனை லட்சம் புள்ளி என்று சொன்னாலும், முதலில் ஒரு 'ட்' காட்டச் சொல்லுங்கள். நான் இதிலிருந்து இறங்கி வரமாட்டேன். உங்கள் தங்கை சொன்னாலும் வரமாட்டேன்.

நீங்களும் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் தெளிந்த கண்ணோடும் குறையாத ஆயுளோடும் இருக்க வேண்டும் என்று மனதார வேண்டும்,

உங்கள் தங்கையின் கணவன்
(என் கையொப்பம். முன்பு இங்கே பெருவிரல் ரேகை இருந்திருக்கும்.)

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டுவதற்குள் நாலு நாள் ஆகிவிட்டது. இந்த நாலு நாளும் சின்ன டிவியில் ஒரு புள்ளி தவறாமல் படித்தேன். உங்கள் தங்கை நேற்று நடுவில் நிறுத்தச் சொன்னாள். "நீங்க சரியாத்தான் படிக்கிறீங்க, ஒத்துக்கறேன். ஆனா கதை சப்புன்னு இருக்குங்க. மருமகன் மாமியாரை 'டீ' போட்ட அந்த மூணு நாள்தான் நல்லா இருந்துச்சு. அந்த டிவியைத் திருப்பித் தருவாங்களான்னு அண்ணனைக் கேக்கச் சொல்லுங்க" என்றாள். முடியவே முடியாது என்றேன். அரை மணி நேரம் வீறாப்பாக உட்கார்ந்திருந்தேன். அவள் மூஞ்சியைப் பார்த்து யூகிக்கத் தொடங்கினாள். பிறகு நானே நாற்காலியை இழுத்துப் போட்டு, கீழே 'போட்டி' என்று புள்ளி பளிச்சென்று இருக்க, கண்ணை மூடிக்கொண்டு "போடடி!" என்று படித்தேன். அவள் சிரித்ததில் அடுத்த மூன்று வரி என்னால் படிக்க முடியவில்லை. நீங்கள் கடையில் எதுவும் கேட்க வேண்டாம், அந்தச் சிப்பின் வேலையை நானே பார்த்துக்கொள்கிறேன். இன்று மருமகன் மாமியாரை என்னவெல்லாம் சொல்லப்போகிறான் என்று எனக்கே இன்னும் தெரியாது. சொன்னதையெல்லாம் அடுத்த வாரம் உங்களுக்கு எழுதுகிறேன்.