நாலு மணிக்கு முன் அனுமதியில்லை

கொடுங்கையூரில் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்புக்குக் 'கடற்காற்று' என்று பெயர். கடல் இங்கிருந்து தெரியாது. காற்று வரும்; குப்பைமேட்டைத் தாண்டி வருகிறது என்பதை நாங்கள் பேசிக்கொள்வதில்லை. வீடு எங்கே என்று வெளியூர்க்காரர்கள் கேட்டால் பெரம்பூர் பக்கம் என்போம். நான் தண்டபாணி, குடியிருப்போர் நலச்சங்கத்தின் இணைச் செயலாளர். எங்கள் வளாகத்தில் நடந்த ஒரு பிரசவத்தைப் பற்றி வேண்டாத பேச்சு உலவுவதால், நடந்ததை நடந்தபடி சொல்ல வேண்டியது என் கடமையாகிறது.

மூன்றாவது மாடி உதயா துறைமுகத்தில் ஒரு கன்டெய்னர் கம்பெனியில் கணக்கு பார்க்கிறவர். அவர் மனைவி சௌமியாவுக்கு அது இரண்டாவது பேறு. முதல் பிள்ளை அரசு ஆஸ்பத்திரியில் ஒரு குறையும் இல்லாமல் பிறந்தது. ஆனால் உதயா போனில் யாரோ ஒரு வெளிநாட்டு அம்மாள் மெழுகுவத்தி வெளிச்சத்தில் வீட்டிலேயே பெற்றுக்கொண்டதைப் பார்த்துவிட்டார். இரண்டாவது பிள்ளை இயற்கையாகத்தான் பிறக்க வேண்டும் என்று அன்றே முடிவு செய்தார். சௌமியா காசிமேட்டில் வளர்ந்த பெண். கரண்ட் போனால்தான் எங்கள் வீட்டில் மெழுகுவத்தி ஏற்றுவோம் என்று சொல்லிப் பார்த்தாள். மனிதர் கேட்கவில்லை. கடைசியில் அவள் ஒரே நிபந்தனை போட்டாள். முதல் பிள்ளைக்குப் பிரசவம் பார்த்த நர்ஸ் அடைக்கலமேரி சிஸ்டர் வந்தால் சரி, இல்லாவிட்டால் ஆஸ்பத்திரி.

சிஸ்டர் ஓய்வு பெற்று இப்போது கல்மண்டபம் பகுதியில் குடியிருக்கிறார். நல்ல உடம்பு, அதைவிட நல்ல குரல். உதயாவை வாசலில் நிறுத்தியே கிழித்துவிட்டு, பிறகு சௌமியாவின் முகத்துக்காக ஒத்துக்கொண்டார். ஆம்புலன்ஸ் தயாராக இருக்க வேண்டும், எனக்குச் சந்தேகம் வந்த நிமிஷம் ஆஸ்பத்திரிதான் என்றும் சொல்லிவிட்டார். விஷயம் அதோடு முடிந்திருக்கும். ஆனால் வெளியாள் ஒருவர் வளாகத்துக்குள் வந்து வேலை செய்வதென்றால் சங்கம் சும்மா இருக்குமா? செயலாளர் திருமுருகன் ஒரு அரசு அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அங்கே அவர் கையெழுத்து இல்லாமல் மின்விசிறி சுற்றாது என்பார்கள். அவரும் நானும் சேர்ந்து தேர்வுக் குழு ஆனோம்.

நேர்முகத் தேர்வு கிளப் ஹவுஸில் நடந்தது. உங்களிடம் பயனடைந்தவர்களின் பரிந்துரைக் கடிதம் உண்டா என்று செயலாளர் கேட்டார். பயனடைந்தவர்களுக்கு அப்போது எழுதத் தெரியாது என்றார் சிஸ்டர். இந்த வளாகத்தில் முன்னனுபவம் உண்டா என்றார் செயலாளர். இல்லை என்றார் சிஸ்டர். முன்னனுபவம் இல்லாதவரை உள்ளே விடுவதில்லை என்பது எங்கள் விதி. உள்ளே விடாமல் முன்னனுபவம் வராது என்பதும் எங்களுக்குத் தெரியும். அதற்காகத்தான் மாதிரிப் பணி என்று ஒரு ஏற்பாடு வைத்திருக்கிறோம். பிளம்பர் வந்தபோது முதலில் ஒரு குழாயைப் பொருத்திக் காட்டினார்.

"அதுபோல நீங்களும் ஒரு மாதிரிப் பிரசவம் செய்து காட்ட முடியுமா?" என்று செயலாளர் மரியாதையாகத்தான் கேட்டார்.

சிஸ்டர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அவருடைய வயிற்றைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "காட்டலாம் நைனா. உனக்கு எத்தினி மாசம்?"

மாதிரிப் பணி ஒருமனதாகத் தள்ளுபடி செய்யப்பட்டது.

சிஸ்டர் தேர்வானார்; அடுத்தது பதிவு. எங்கள் கேட்டில் எல்லாம் ஆப் வழியாகத்தான். அதில் வேலைக்காரர், டிரைவர், பிளம்பர், டியூஷன் டீச்சர் என்று நான்கு வகை மட்டுமே உண்டு. மருத்துவச்சி இல்லை. வேலைக்காரர் என்று போட்டால் சர்வீஸ் லிப்டில் போக வேண்டும். அது பொங்கலிலிருந்து ரிப்பேர். டிரைவர் கார் நிறுத்துமிடத்தைத் தாண்டக் கூடாது. பிளம்பர் என்றால் அவர் வேலை முடியும் வரை அந்த மாடிக்குத் தண்ணீரை நிறுத்தியாக வேண்டும். எப்படியும் பிள்ளைகள் சம்பந்தப்பட்ட வேலைதானே என்று யோசித்து டியூஷன் டீச்சர் என்று பதிந்தோம். இது என் யோசனை. செயலாளர் கை குலுக்கினார். டியூஷன் டீச்சருக்கு மாலை நாலு முதல் ஆறு வரைதான் அனுமதி என்பது அப்போது யாருக்கும் ஒரு குறையாகத் தெரியவில்லை.

சௌமியாவுக்கு வலி கண்டது காலை பதினோரு மணிக்கு.

உதயா போன் செய்ய, சிஸ்டர் ஆட்டோவில் வந்து இறங்கினார். செக்யூரிட்டி நீலமேகம் வியாசர்பாடிக்காரர், நேர்மையானவர். ஆப்பில் பார்த்தார், சிவப்பு விளக்கு எரிந்தது.

"சிஸ்டர், டியூஷன் நாலு மணிக்குத்தான். இன்னா இப்பவே வந்துகீறீங்க?"

"கொயந்தை வந்துகினு கீதுபா. அதுகிட்ட போய் நாலு மணிக்கு வான்னு சொல்லு."

நீலமேகம் எனக்குப் போன் செய்தார், நான் செயலாளரை அழைத்துக்கொண்டு கேட்டுக்கு ஓடினேன். நேரத்தை மாற்ற வேண்டுமானால் பொதுக்குழு கூட வேண்டும், அதற்கு முன்னறிவிப்பு வேண்டும் என்று செயலாளர் விளக்கினார். பிறகு கீழே இறங்கி வந்திருந்த உதயாவை இரக்கத்தோடு பார்த்து, நாலு மணி வரை பொறுத்துக்கொள்ள முடியுமா என்று வீட்டில் ஒரு வார்த்தை கேட்டு வரச் சொன்னார். உதயா நிஜமாகவே மேலே போய்க் கேட்டார். சௌமியா சொன்ன பதில் காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் மட்டும் வழங்குவது. அதைக் கூட்டக் குறிப்பில் ஏற்றவில்லை.

பதில் சொன்ன கையோடு அவளே லிப்டில் இறங்கி வந்துவிட்டாள். ஒரு கையால் சுவரைப் பிடித்தபடி கேட்டைத் தாண்டினாள். சிஸ்டர் வயிற்றில் கை வைத்துப் பார்த்துவிட்டு, இனி ஆஸ்பத்திரி வரைக்கும் தாங்காது, ஆம்புலன்ஸைக் கூப்பிடு என்று உதயாவிடம் சொன்னார். கேட்டுக்கு வெளியே செக்யூரிட்டி அறை. நீலமேகம் தன் டிபன் பாக்ஸையும் சைக்கிளையும் வெளியே எடுத்து வைத்து, மின்விசிறியை உள்பக்கம் திருப்பிவிட்டு, முதுகைக் காட்டி நின்றுகொண்டார். உள்ளேயிருந்து சிஸ்டரின் குரல் மட்டும் வந்தது. இன்னும் கொஞ்சம், அவ்ளோதான், வுட்டுடாதம்மா. உண்மையைச் சொன்னால், அந்தப் பெண்ணுக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்று நினைத்தபோது விதி எதுவும் நினைவுக்கு வரவில்லை. உதயா தரையில் உட்கார்ந்துவிட்டார்.

பெண் குழந்தை. அழுகைச் சத்தம் இரண்டாவது பிளாக் வரை கேட்டது. ஆம்புலன்ஸ் வந்து தாயையும் பிள்ளையையும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது, இருவரும் நலம். சிஸ்டர் கடைசிவரை வளாகத்துக்குள் கால் வைக்கவே இல்லை என்பதைச் செயலாளர் கவனித்துச் சொன்னார். விதி காப்பாற்றப்பட்டதில் எங்களுக்குப் பரம திருப்தி.

சந்தோஷம் தாங்காமல் உதயா ஆப்பில் சிஸ்டருக்கு ஐந்து நட்சத்திரம் போட்டார். 'பொறுமையானவர், கண்டிப்பானவர், கொஞ்ச நேரத்திலேயே பலன் தெரிந்தது' என்று எழுதியும் வைத்தார். ஐந்து நட்சத்திர டியூஷன் டீச்சர் என்று பார்த்ததும் எல்லா பிளாக்கிலிருந்தும் பெற்றோர் போன் செய்ய ஆரம்பித்தார்கள். தான் டீச்சரில்லை என்று சிஸ்டர் முதலில் சொல்லிப் பார்த்தார். தேர்வுக் குழுவே தேர்ந்தெடுத்திருக்கிறதே என்று அவர்கள் விடவில்லை. வூட்ல சும்மாதானே கீறேன் என்று அவரும் வந்துவிட்டார். இப்போது தினமும் நாலு முதல் ஆறு வரை கிளப் ஹவுஸில் கணக்கு வகுப்பு. பிள்ளை பக்கத்தில் நின்று இன்னும் கொஞ்சம், அவ்ளோதான், வுட்டுடாத என்கிறார்; விடை வந்துவிடுகிறது. செயலாளரின் பேரன் வகுப்பில் மூன்றாவது ரேங்க்.

இயற்கைப் பிரசவமும் எங்கள் வளாகத்தில் பிரபலமாகிவிட்டது. செக்யூரிட்டி அறையைக் கேட்டு முன்பதிவுகள் வருகின்றன. என் மகள் மலருக்கு அடுத்த மாதம். இணைச் செயலாளர் வீட்டில் அது நடக்காவிட்டால் எப்படி? சிஸ்டரிடம் போய்க் கேட்டேன்.

"நாலுலேர்ந்து ஆறு எனக்கு பேட்ச் கீது. மத்த நேரத்துல என்னை உள்ள வுட மாட்டீங்க. பேஜாரு பண்ணாம பொண்ணை ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போ நைனா. அங்க கேட்டு எந்நேரமும் தொறந்துதான் கீது."

செயலாளரிடம் முறையிட்டேன். வேறு மருத்துவச்சியைத் தேர்ந்தெடுக்கலாம், ஆனால் முன்னனுபவம் வேண்டும், நம் பதிவுகளின்படி இங்கே இதுவரை டியூஷன்தான் நடந்திருக்கிறது, பிரசவம் எதுவும் நடக்கவில்லை என்றார். அவர் சொன்னதில் பிழையே கண்டுபிடிக்க முடியவில்லை. வீட்டுக்கு வந்தால் மலர் பையைக் கட்டிக்கொண்டிருக்கிறாள். ஆஸ்பத்திரியில் பேர் எழுதிவிட்டாளாம். எந்தக் குழு பரிசீலித்தது என்று கேட்டேன்.

"நீங்களும் செயலாளரும் பொறந்ததே அங்கதாம்பா," என்றாள் மலர். "உங்க ரெண்டு பேரையும் ஒரு கேள்வியும் கேக்காம வெளிய வுட்டிருக்காங்க. விசாரிக்கணும்னா அதை விசாரிங்க."

விசாரிக்க இருவர் குழு அமைத்திருக்கிறோம்.