தேசிக்காய்க் காய்ச்சல்

என் லீவு, என் உரிமை. அதை நான் தூங்கித்தான் கழிப்பேன். பதுளையில் ஒரு ஹார்ட்வேர் கடையில் வருஷம் பூராவும் ஆணியும் பெயின்டும் விற்கிறவன் கெஞ்சிக் கேட்டு வாங்கிய ஒரே ஒரு வாரம். எட்டு மணிக்கு முன்னால் கண்ணைத் திறப்பதில்லை என்று சபதமே எடுத்திருந்தேன்.

என் மனைவி விஜயலெட்சுமி வேறு திட்டம் வைத்திருந்தாள்.

“ஏங்க, நாளைக்குக் காலைல மடுல்சீமைக்குக் கெளம்புறோம். அண்ணன் வீட்ல ஒரு வாரம்.”

அண்ணன் என்றால் நல்லையா. ஓய்வுபெற்ற கங்காணி. தேயிலைத் தோட்டத்தில் காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டில் பெயர் கூப்பிட்ட அந்தத் தொண்டை மட்டும் இன்னும் ஓய்வு பெறவில்லை. விடியுமுன்னே நடுவீட்டில் நின்று ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி அதட்டி எழுப்புவார். அந்த வீட்டுச் சேவல் அவருக்கு அப்புறம்தான் கூவும். போன தடவை போய்வந்து கடையில் பெயின்ட் வாளிமேல் தலைவைத்துத் தூங்கி, முதலாளி ஹாஷிமிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். ‘அண்ணன் இங்க வரட்டுமா?’ என்று விஜி கேட்கும்போதெல்லாம் ‘வீடு சின்னது’ என்று சொல்லித் தப்பித்து வந்ததும் இதனால்தான்.

எப்படித் தப்புவது என்று போனைத் தடவிக்கொண்டிருந்தபோது யாரோ அனுப்பிய செய்தி கண்ணில் பட்டது. ‘சிட்ரிக் அமிலத்துக்கும் காய்ச்சலுக்கும் தொடர்பு: மருத்துவ ஆராய்ச்சி.’ என்ன தொடர்பு, காய்ச்சல் வருமா போகுமா என்று பார்ப்பதற்குள் டேட்டா தீர்ந்துவிட்டது. எனக்குத் தலைப்பே போதும். குசினியில் ஒரு கூடை தேசிக்காய் இருந்தது. எலுமிச்சையில் இல்லாத சிட்ரிக் அமிலமா?

காலையில் உப்பில்லாமல், சீனியில்லாமல் பிழிந்து பிழிந்து குடித்தேன்.

“என்னங்க பண்றீங்க?”

“தாகம்.”

“ஊறுகாய்க்கு வச்ச காய் பூராவுமா?”

“பெருந்தாகம்.”

பல் கூசியது. வயிறு கடமுடவென்றது. நெற்றி மட்டும் நுவரெலியா மாதிரி ஜில்லென்று இருந்தது. ஆராய்ச்சிக்காரர்களை மனசுக்குள் திட்டிவிட்டுப் போர்வைக்குள் புகுந்து ‘காய்ச்சல்... காய்ச்சல்...’ என்று முனகினேன்.

விஜி வந்து நெற்றியில் கை வைத்தாள். மாட்டிக்கொண்டேன் என்றே நினைத்தேன்.

“அய்யய்யோ, கொதிக்குதுங்க!”

எனக்கே சந்தேகம் வந்து தொட்டுப் பார்த்தேன். அதே நுவரெலியா. ஆனாலும் என் நடிப்பை நானே மெச்சிக்கொண்டேன்.

“ஒனக்காக வேணா வர்றேன் விஜி...”

“வேணாங்க. அந்த ரோட்டுல பஸ்ஸுல ஒடம்பு தாங்காது. படுங்க, அண்ணன்கிட்ட நான் சொல்லிக்கிறேன்.”

“அண்ணே, ஒங்க மாப்ளைக்குக் கடுங்காய்ச்சல். வர முடியாதுண்ணே...” என்று அவள் போனில் சொன்னது காதில் தேனாகப் பாய்ந்தது. மிச்சத்தைக் கேட்குமுன் தூங்கிவிட்டேன்.

மத்தியானம் வாசலில் வேன் ஹார்ன்.

“மாப்ளே!”

கூரைத் தகரம் அதிர்ந்தது. நல்லையா, அவர் மனைவி பெரியாயி, பிள்ளைகள், மருமக்கள், பேரப்பிள்ளைகள் என்று ஒரு லயத்துச் சனமே இறங்கியது. நோயாளியைப் பார்க்க வெறுங்கையோடு வரலாமா? ஆளுக்கொரு பை தோடம்பழம். அந்த ஆரஞ்சு நிறத்தைப் பார்த்ததுமே பல் கூசியது.

“ஒங்கள இப்படிப் படுக்க வச்சிட்டு எங்களுக்கு அங்க சோறு எறங்குமா மாப்ளே? சொகமாகுற வரைக்கும் இங்கதான்.”

“இப்பவே கொஞ்சம் தேவல மச்சான்!” என்று எழுந்து உட்கார்ந்தேன்.

“அப்ப நல்லதாப் போச்சு. வேன் சும்மாத்தான் திரும்புது. எல்லாரும் ஏறுங்க, மடுல்சீமைக்கே போயிருவோம்!”

மறுபடி படுத்தேன். “இல்ல மச்சான், திரும்ப வருது.”

“வரும், வரும். விடியக்காலம் எந்திரிச்சா பறந்துரும். நானே எழுப்பி விடுறேன்.”

எனக்கு அழுகையே வந்துவிட்டது. பாய் விரிக்க வந்த விஜியிடம் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டேன்: “நெசமாவே என் நெத்தி சுட்டுச்சா?”

“காய்ச்சல்னு நீங்களே சொன்னா சுடாம இருக்குமா? அண்ணன் வரட்டுமான்னா வீடு சின்னதுன்னீங்க. இப்ப பாருங்க, எல்லாருக்கும் எடம் பத்துது.”

எரிச்சலில் போர்வையைத் தலைவரை இழுத்து மூடினேன். மறுநொடி அது விஜியின் கையில் இருந்தது.

“இத அண்ணனுக்குக் குடுக்குறேன். காய்ச்சக்காரருக்குத்தான் ஒடம்புலயே சூடு இருக்கே!”