ஊதிக் கெடுத்த டிரான்சிஸ்டர்

“...அது எப்படியும் இருந்துட்டுப் போகட்டும் தம்பி. கல்லைப் பதிச்சுட்டு எந்த ஊர்ல ஊதுவாக?” என்றார், எனக்குப் பெண் கொடுக்க வந்திருந்த ஒக்கூர்ப் பத்தர்.

அவர் உள்ளங்கையில் என் டிரான்சிஸ்டர் கருகிக் கிடந்தது. கூடவே என் கல்யாணமும்.

எழுபதுகளின் தொடக்கம். காரைக்குடியில் நாங்களும் நகை வேலை செய்கிற குடும்பம்தான். எனக்கு மட்டும் ரேடியோப் பைத்தியம். (தபாலில் நாலு பாடம் படித்திருந்தேன். சூட்டைப் பற்றியது ஐந்தாவது பாடமாம்.) ரேடியோ செய்தே பிழைப்பேன் என்று தரகரிடம் பீற்றியிருந்தேன். பையன் செய்த பெட்டி பாடட்டும், வெற்றிலை பாக்கு மாற்றலாம் என்று ஒக்கூரிலிருந்து பதில் வந்தது.

மதுரைக் கடையில் ரேடியோ செய்வதற்கென்று, செம்புக்கோடு ஓடிய இரண்டு பலகைகளைக் காட்டினார்கள். கடைக்காரர் ஒன்றில் பேட்டரியை மாட்டினார். சுண்டைக்காய் அளவு குப்பி, அதற்கு மூன்று கால்; அதுதான் டிரான்சிஸ்டராம். அது கொழும்பில் பாடுகிறவரைக் கடல் தாண்டி மேசைக்கே கூட்டிவந்துவிட்டது. தீபாராதனை பார்த்தவன்போல் கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

விலை கூடின பலகையில் டிரான்சிஸ்டரைச் சொருகக் குழி இருந்தது. மலிவானதில் நேராகப் பற்றவைக்க வேண்டும். டிரான்சிஸ்டர் சூடு தாங்காது, குழி வைத்ததையே வாங்குங்கள் என்றார் கடைக்காரர். பத்தர் மகனுக்கா பற்றவைக்கச் சொல்லித்தருவது? மலிவானதையே வாங்கினேன். சால்டரிங் அயர்ன்கூட வாங்கவில்லை. வீட்டில்தான் விளக்குச் சுடரை ஊதி நகை பற்றவைக்கிற ஊதுகுழல் இருக்கிறதே!

ஒக்கூர்க்காரர் முன்னால் விளக்கை ஏற்றிக் கன்னம் உப்ப ஊதினேன். ஈயம் அழகாக உருகி ஓடியது. பேட்டரியை மாட்டினேன். பெட்டி மூச்சுவிடவில்லை. ‘பதறாத காரியம் சிதறாது’ என்பார் அப்பா. நான் பதறவும் செய்தேன், சிதறவும் விட்டேன். அப்பா தொண்டையைக் கனைத்தபோது, ரேடியோதான் பேசுகிறது என்று ஒரு நொடி பூரித்துப்போனேன்.

அப்போதுதான் ஒக்கூர்ப் பத்தர் குப்பியைப் பெயர்த்தெடுத்து, கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்து, அப்படிக் கேட்டார். முதலில் பற்றவைப்பு, கடைசியில் கல், இல்லாவிட்டால் சூட்டில் கல் கெட்டுவிடும்: எங்கள் தொழிலின் அரிச்சுவடி. அந்தக் குழிப் பலகை சொன்னதும் அதையேதான்: முதலில் குழியைப் பற்றவை, டிரான்சிஸ்டரைக் கடைசியில் சொருகு. ரேடியோவின் உள்ளே எட்டிப் பார்த்தறியாத மனிதருக்கு ஒரே பார்வையில் விளங்கிவிட்டதே என்று எனக்கு மெய்சிலிர்த்தது. (இன்றும் நான் எதையாவது பழுதுபார்க்க உட்கார்ந்தால், “கல்லைப் பதிச்சாச்சா?” என்றுதான் பேரப்பிள்ளைகள் கேட்கிறார்கள்.)

அவர் அந்தச் செத்த டிரான்சிஸ்டரைத் தாளில் மடித்து மடியில் செருகிக்கொண்டு பஸ் ஏறிவிட்டார். மூன்றாம் வாரம் வெற்றிலைத் தட்டோடு வந்து, “விரலை நீட்டுங்க மாப்ளே” என்று ஒரு வெள்ளி மோதிரத்தை மாட்டிவிட்டார். கல் இருக்க வேண்டிய இடத்தில், மூன்று கால்களையும் மடக்கி, அதைப் பதித்திருந்தார்.