எலுமிச்சம்பழம் நசுங்கிய விதம்

ஒரு விடுகதை. நாலு கால் உண்டு, நடக்கத் தெரியாது. ஓடத் தெரியும், நிற்கத் தெரியாது. அது என்ன?

ஆறு என்று சொன்னால் தவறு. ஆற்றுக்குக் கால் இல்லை. விடை, என் பழைய கார். போன சனிக்கிழமை காலை ஏழரை மணிக்கு, ஹந்தானை மலைச் சரிவில்.

நான் பத்திரிகையின் சிறுவர் பக்கத்துக்குப் பல வருஷமாக எழுதுகிறவன். தீப்பெட்டியில் லொறி, சிரட்டையில் தராசு, இப்படிச் 'செய்து பாருங்கள்' பகுதி என்னுடையது. ஒவ்வொன்றின் கீழும் 'பெரியவர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்யவும்' என்று போடுவேன். அந்தப் பெரியவருக்கு என்ன தெரியும் என்று ஒரு பிள்ளையும் கேட்டு எழுதியதில்லை. நானும் என்னைக் கேட்டுக்கொண்டதில்லை.

வெள்ளிக்கிழமை காலை பின் டயர் பக்கம் எண்ணெய் சொட்டியிருந்தது. காருக்கு அடியில் ஓடும் இரும்பு பிரேக் பைப் துருப்பிடித்து ஓட்டையாகிவிட்டது.

மறுநாள் ஒன்பது மணிக்கு வத்தேகமவில் மகள் தர்ஷிக்குப் பேச்சுப் போட்டி. அவள் தயார்செய்த பேச்சு 'என் அப்பா'. அதில் ஒரு வரி வரும். "என் அப்பாவுக்குச் செய்யத் தெரியாத வேலையே கிடையாது." பத்து வயதுப் பிள்ளை, கையை உயர்த்தி அதைச் சொல்வாள்.

அந்தக் கையைப் பார்த்த பிறகு காரை கராஜுக்குக் கொண்டுபோக எனக்கு மனம் வரவில்லை.

எங்கள் பாதையின் கீழ்முனையில் லோகு பாஸ் இருக்கிறார். கராஜ் வேலைதான் அவர் தொழில்; கைவேலைக்காரரை இங்கே பாஸ் என்போம். காரை எட்டிப் பார்த்துவிட்டு, "சேர், சாயங்காலம் வந்து மாத்தித் தாரேன். ஒரு மணித்தியால வேலை" என்றார்.

"சின்ன வேலைதானே பாஸ். நானே செஞ்சுக்கிறேன்."

"இதுக்கு முன்னால செஞ்சிருக்கீங்களா?"

"வாசிச்சிருக்கேன்."

பாஸ் சிரிக்காமல் திரும்பிப் போனார். நல்ல மனுஷர்.

பழைய பைப்பைக் கழற்றி எடுத்துக்கொண்டு பஸ் ஏறி, திகனயில் உதிரிப்பாகக் கடைக்குப் போனேன். கடைக்கார நானா, "நுனியை விரிச்சு, நட்டும் போட்டே தாறன் மாஸ்டர். அஞ்சு நிமிஷம்" என்றார்.

"வேணாம் நானா. பைப்பையும் விரிக்கிற கருவியையும் மட்டும் தாங்க."

"பழகின கைதானே?"

"வாசிச்ச கை" என்று சொல்ல வாய் வரவில்லை. தலையை ஆட்டினேன்.

வேலை இதுதான். பைப்பின் நுனியைப் புனல் வாய் மாதிரி விரிக்க வேண்டும். அந்த வாயை ஒரு நட்டு பிடித்து இறுக்கும். முதல் நுனியை விரித்தேன். அவ்வளவு அழகு. மனைவி சாந்தியைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"நல்லாத்தான் இருக்கு. இந்த நட்டு எங்க போடணும்?" என்று மேசையில் கிடந்ததை எடுத்தாள்.

விரிப்பதற்கு முன்னால் போட்டிருக்க வேண்டும்.

நுனியை வெட்டினேன். இந்த முறை நட்டைப் போட்டுவிட்டு விரித்தேன். நட்டு தலைகீழாக இருந்தது. திரும்ப வெட்டினேன். மூன்றாவது சரியாக வந்தது. இப்போது பைப் நாலு விரல் குட்டை.

பழைய பைப்பில் ஒரு வளைவு இருந்தது. எதற்காக வளைத்தார்கள் என்று நான் யோசிக்கவில்லை. புதியதை வளைக்காமல் நேராக இழுத்தேன். எட்டிவிட்டது. என் புத்தியை நானே மெச்சிக்கொண்டேன்.

அடுத்தது பைப்புக்குள் புகுந்த காற்றை எடுப்பது; அது உள்ளே இருந்தால் பிரேக் பிடிக்காது. ஒருவர் பெடலை மிதித்தபடியே இருக்க, மற்றவர் சக்கரத்துப் பக்கம் ஒரு திருகைத் திறந்து, காற்று போனதும் மூட வேண்டும். மூடிய பிறகுதான் காலை எடுக்கலாம். நான் "காலை எடு" என்று சொல்லிவிட்டு மூடினேன். இருபது தடவை காற்றை வெளியே விட்டு, இருபது தடவை அதே காற்றை உள்ளே எடுத்தோம்.

"தோசை மாவுல கால வச்ச மாதிரி இருக்குங்க" என்றாள் சாந்தி.

"புது பைப் அப்படித்தான் இருக்கும்" என்றேன்.

சனிக்கிழமை காலை. தர்ஷி வெள்ளைச் சீருடையோடு படியில் நிற்கிறாள். சாந்தி நாலு எலுமிச்சம்பழத்தோடு வந்தாள்.

"புதுச் சாமான் போட்ட வண்டி. பழம் நசுக்காம பிள்ளைய ஏத்த விடமாட்டேன்."

"வண்டிய நிப்பாட்டுறது எண்ணெயோட அழுத்தம், சாந்தி. எலுமிச்சம்பழம் இல்ல."

"சரிங்க. நாலு டயருக்கும் முன்னால கல்லு கிடக்கு. எடுத்துட்டு வைங்க."

எடுத்தேன். கார் சரிவில் நின்றதற்கு அந்தக் கற்களும் கியரும்தான் காரணம். கை பிரேக் நாங்கள் வாங்கிய நாளிலிருந்தே அலங்காரப் பொருள். கல் இருந்த நாலு இடத்திலும் எலுமிச்சம்பழம் வைத்தேன். சாந்தி ஓரமாகக் கற்பூரம் கொளுத்தினாள். நான் ஏறி, பிரேக்கை மிதித்து, கியரை விடுவித்தேன்.

பெடல் தரையைத் தொட்டது.

நாலு பழமும் ஒரே நேரத்தில் நேர்த்தியாக நசுங்கின. சடங்கில் ஒரு குறையும் இல்லை. கார்தான் அதோடு நிறுத்திக்கொள்ளவில்லை. திரும்பத் திரும்ப மிதித்தேன். ஹோர்ன் மட்டும் ஒழுங்காக வேலை செய்தது. பாதை முடியும் இடத்தில், லோகு பாஸ் மதில் கட்டக் கொட்டியிருந்த மணல் குவியலுக்குள் மூக்கை நுழைத்து நின்றது.

பாஸ் பல் துலக்கிக்கொண்டிருந்தார். வாயைக் கொப்பளித்துவிட்டு வந்தார்.

"மணல் நல்லாப் பிடிக்குது, சேர்."

குனிந்து அடியில் பார்த்தார். "பைப்ப ஏன் இப்படி நேரா இழுத்துக் கட்டியிருக்கீங்க? உடுப்பு காயப் போடவா?"

எனக்கு ஒரு சிராய்ப்புகூட இல்லை. இருந்திருந்தால் கொஞ்சம் அனுதாபமாவது கிடைத்திருக்கும்.

பாஸின் ஆட்டோவில்தான் நாலு பேரும் வத்தேகமவுக்குப் போனோம். வழியெல்லாம் தர்ஷி வெளியேயே பார்த்துக்கொண்டு வந்தாள். பேச்சை மனதுக்குள் சொல்லிப் பார்க்கிறாள் என்று என்னைத் தேற்றிக்கொண்டேன்.

மண்டபத்தில் பின்வரிசையில், பாஸுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். டீச்சர் மேடையிலிருந்து சொன்னார். "பிள்ளைங்களுக்கு ரெண்டு தலைப்பு படிச்சுக் கொடுத்திருக்கோம். 'என் அப்பா', 'வீதிப் பாதுகாப்பு'. எது வேணும்னாலும் பேசலாம். தர்ஷி, நீங்க?"

தர்ஷி 'வீதிப் பாதுகாப்பு' பேசினாள்.