ரிட்டர்ன் சாரும் வெங்காய ரவாவும்

கல்கத்தாவில் அவரைப் போல ஆளைத் திருப்பி அனுப்பியவர் கிடையாது. பெரிய பெரிய புரொபசர்களையே திருப்பி அனுப்புவார். அதனால் ரிட்டர்ன் சார்.

காளிகாட்டில் அப்போது என் டிபன் கடை. எழுபதுகளின் நடுவில். கல்லும் ஒன்று, கையும் ஒன்று. ஆபரேஷன்ஸ் ரிசர்ச் என்று ஒரு படிப்பாம். எதை முதலில் செய்வது, எதைப் பிறகு என்று கணக்குப் போட்டுச் சொல்வது. அந்தப் படிப்புக்கான பத்திரிகைக்கு ரிட்டர்ன் சார் ஆசிரியர். ஆபீஸ், என் கடை மூலை மேஜை.

வரும் கட்டுரைக்கெல்லாம் மூன்றே கேள்வி.

"யாருக்குத் தலைவலி? மருந்து புதுசா? குடிச்சுப் பார்த்தானா?"

மூன்றில் ஒன்று உதைத்தாலும் ரிட்டர்ன். ஒருமுறை முப்பது பக்கம் முழுக்கக் கணக்காக வந்தது. என்னிடம் நீட்டினார்.

"ஓய், இதுல யாருக்குத் தலைவலின்னு தெரியறதா?"

"எனக்குத்தான் சார்."

"அதேதான்" என்று கவரில் போட்டு ஒட்டிவிட்டார்.

எனக்கும் தலைவலி இருந்தது. காலை எட்டரைக்கு ஆபீஸ் கூட்டம் மொய்க்கும். லேட் என்று கத்துவார்கள். எதிரே புதுக் கடை திறந்தான் ஒருத்தன். என் வாடிக்கைக்காரர்கள் ஒவ்வொருவராக ரோட்டைத் தாண்டினார்கள். இப்படியே போனால் கடையை மூட வேண்டியதுதான்.

ஒருநாள் புதிதாக வந்த கட்டுரையைப் படித்துவிட்டு சார் மேஜையைத் தட்டினார்.

"ஓய், உம்ம கடைக்கு மருந்து வந்துடுத்து! சீக்கிரம் முடியற வேலையை முதல்ல முடிக்கணுமாம். எல்லாரும் காத்திருக்கற நேரம் சராசரியில குறையுமாம். நாளைக்குக் குடிச்சுப் பார்ப்போம்."

மறுநாள் ஸ்டாப் வாட்சோடு கல் பக்கத்தில் நின்றார். நான் தோசை ஊற்றப் போனால் கையைப் பிடிப்பார். "இட்லி! இட்லி முதல்ல!" இட்லி, வடை, சாதா தோசை பறந்தன. கூட்டம் கரைந்தது. சார் குதித்தார்.

"சராசரி பாதியாயிடுத்து ஓய்!"

மூலையிலிருந்து ஒரு குரல். "தாதா, ஆர் கதோக்கோன்?" இன்னும் எவ்வளவு நேரம் என்கிறார்.

அலிப்பூர் கோர்ட் குமாஸ்தா. நெடுநாள் வாடிக்கை. எட்டேகாலுக்கு வெங்காய ரவா கேட்டவர். அது வேக நேரம் பிடிக்கும். ஊற்றப் போகும்போதெல்லாம் ஒரு இட்லிக்காரர் நுழைந்துவிடுவார். மனிதர் பேப்பரில் கல்யாண விளம்பரம் வரை படித்து முடித்திருந்தார். மணி ஒன்பதரை.

சாருக்கு முகம் செத்துவிட்டது. தோசையை அவரே கொண்டு போய் வைத்தார். குமாஸ்தா தின்று முடித்ததும் டிராமில் கூடவே போனார். குமாஸ்தாவின் மேலதிகாரியைப் பார்த்து, தாமதத்துக்குக் காரணம் தன் பத்திரிகைதான் என்று லெட்டர்ஹெட்டில் எழுதிக் கொடுத்தாராம். இணைப்பு, நாலு பக்கக் கணக்கு. அதிகாரி அதன் பிறகு அந்தக் குமாஸ்தாவை லேட் என்று கேட்டதே இல்லை.

கட்டுரை ரிட்டர்ன். "சராசரி ஜோர். வெங்காய ரவா கேட்டவர் கதி என்ன?" என்று எழுதினார்.

எழுதியவன் கெட்டிக்காரன். மூன்று மாதத்தில் திருத்தி அனுப்பினான். ஒருத்தரை மூன்று தடவை தாண்டியாச்சா, நாலாவது அவர்தான். அதையும் குடித்துப் பார்த்தோம். குமாஸ்தா ஒன்பதுக்குள் ஏப்பம் விட்டார். கத்தல் நின்றது. ரோட்டைத் தாண்டியவர்கள் திரும்பினார்கள், புதுக் கடைக்காரனின் மைத்துனன் உட்பட.

கட்டுரை அச்சானது. அதில் என் பெயர் உண்டா என்று கேட்டேன்.

"நீர் பரிசோதிச்சவர் ஓய். பரிசோதிச்சவன் பேரை வெளியில சொல்லப்படாது. அதான் எங்க வழக்கம்."

அன்றிலிருந்து சாரும் வெங்காய ரவாதான் கேட்பார். மூன்று தடவை தாண்டப்படுவது எப்படி இருக்கும் என்று தானே பார்க்க வேண்டுமாம். வாட்சோடு உட்காருவார். தெருவில் அவர் தலை தெரிந்ததுமே நான் ஊற்றிவிடுவேன்; தோசை உடனே வந்துவிடும்.

"ஓய், கணக்கு இடிக்கறதே?"

"இன்னிக்குக் கல்லு நல்ல சூடு சார்."

எல்லாக் கட்டுரையிலும் ஓட்டையைக் கண்டுபிடித்தவர், என் கல் மட்டும் எப்படித் தினமும் சூடாக இருந்தது என்று கடைசிவரை கண்டுபிடிக்கவில்லை.