பிராக்கன்பி டவுனுக்கு நேர்ந்துவிட்ட கிடாய்

விளாங்குடி, மதுரை.
3-10-2004, ஞாயிறு.

மைத்துனர் சுருளிக்கு, மச்சான் கண்ணுச்சாமி ஆசீர்வாதத்துடன் எழுதுவது. இவ்விடம் நான், உன் அக்கா சோணையம்மாள், உன் மருமகள் நாகஜோதி மூவரும் அழகர் புண்ணியத்தில் சௌக்கியமாக இருக்கிறோம். அவ்விடம் நீயும் உன் குடும்பமும் அந்த இங்கிலாந்துக் குளிரில் அதே மாதிரி இருக்க வேண்டும். கிடாய் மட்டும் சௌக்கியமாக இல்லை. அதைச் சாப்பிட்டுவிட்டோம். அது சம்பந்தமாகத்தான் இந்தக் கடிதம்.

மாப்ள, நான் மின்சார வாரியத்தில் லைன் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவன். கரண்ட் இல்லையென்றால் எங்கே பீஸ் போயிருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் கம்பத்தை விட்டு இறங்குவேன். இந்தக் கல்யாணத்தில் பீஸ் போன இடம் நீதான். உன் வீட்டு மாடியில் குடியிருக்கும் முத்துக்குமரன், பரவை மார்க்கெட்டில் காய்கறிக் கமிஷன் கடை வைத்திருக்கும் விருமாண்டியின் மகன், கம்ப்யூட்டர் உத்தியோகம், பீடி சிகரெட் கிடையாது, சாமி பக்தி உள்ளவன் என்று போனில் அடுக்கினாயே, அவனுக்குக் கால்பந்து என்று ஒரு வியாதி இருப்பதை ஏன் சொல்லவில்லை? போன வருஷம் தை மாதம் லீவில் வந்தான், பெண் பார்த்தான், பிடித்திருக்கிறது என்றான், பூ வைத்தோம், கேசரி சாப்பிட்டான். எந்த மாசம் முகூர்த்தம் வைக்கலாம் என்று கேட்டதும் தட்டைக் கீழே வைத்துவிட்டு, "மாமா, எனக்கு ஒரு வேண்டுதல் இருக்கு. அது நெறவேறாம தாலி கட்ட மாட்டேன்" என்றான். எனக்குப் பரம சந்தோஷம். வெளிநாட்டில் இருந்தும் வேண்டுதல் என்கிறானே என்று, "பழனிக்கு மொட்டையாப்பா?" என்றேன். "இல்ல மாமா. பிராக்கன்பி டவுன் பஸ்ட் டிவிசனுக்கு ஏறணும்" என்றான். சபையே என்னைப் பார்க்கிறது. நான் விருமாண்டியைப் பார்க்கிறேன். அவர் என் காதில் வந்து, "அது என்னமோ பந்து வெளாடுற கூட்டம் சம்மந்தி. அவன் இருக்க ஊருக் கூட்டம். ரெண்டு மாசத்துல ஏறிரும், நீங்க மண்டபத்தப் பாருங்க" என்றார். நானும் நம்பி மண்டபத்தைப் பார்த்தேன். இன்னும் பார்த்துக்கொண்டே இருக்கிறேன்.

சரி, நம்ம வீட்டுப் பெண்ணின் தாலி ஒரு கூட்டத்தை நம்பி இருக்கிறது என்றால், அந்தக் கூட்டத்தின் வம்சாவளி என்ன, ஊரில் அதற்கு என்ன மரியாதை என்று விசாரிக்க வேண்டாமா? முத்துக்குமரனுக்கே போன் போட்டேன். அன்றைக்கு அவன் பேசியது போல் என் சொந்தத் தம்பிகூட என்னிடம் மனம்விட்டுப் பேசியதில்லை. அந்த நாட்டில் பந்தாட்டக் கூட்டங்களை நாலு தட்டாக வைத்திருக்கிறார்களாம். ஜெயித்தவன் வருஷத்துக்கு ஒரு தடவை மேல் தட்டுக்கு ஏறுவான், தோற்றவன் கீழே இறங்குவான். பிராக்கன்பி டவுன் என்பது ரயில்வே பட்டறை ஆட்கள் ஆரம்பித்தது. காந்தி இங்கே ஒத்துழையாமை நடத்திய காலத்தில் அவர்கள் அங்கே மூன்று வருஷம் முதல் டிவிஷனில், அதாவது உச்சித் தட்டில் இருந்திருக்கிறார்கள். அப்புறம் இறக்கம். ஐம்பத்தெட்டில் நாலாவது தட்டு என்று ஒன்றைப் புதிதாக உண்டாக்கினார்களாம், உண்டாக்கியதுமே இவர்களைத் தூக்கி அதில் போட்டுவிட்டார்கள். அதிலிருந்து முக்கி முனகி எண்பதுகளில் இரண்டாவது தட்டுக்கு வந்தார்கள். தொண்ணூற்றிரண்டில்தான் கூத்து. உச்சித் தட்டில் இருந்த பணக்காரக் கூட்டமெல்லாம் சேர்ந்து, எங்களுக்கு இனிமேல் பேரே வேறு என்று பிரிமியர் லீக் என்று ஒன்றை வைத்துக்கொண்டு போய்விட்டது. உடனே இரண்டாவது டிவிஷனுக்கு முதல் டிவிஷன் என்று பேர் வைத்துவிட்டார்கள். பிராக்கன்பி ஆட்கள் ராத்திரி படுக்கும்போது இரண்டாவது, விடிந்து எழுந்தால் முதலாவது. ஒருத்தன் பந்தைத் தொடவில்லை. தொண்ணூற்றேழில் அதிலிருந்தும் விழுந்தார்கள். அன்றிலிருந்து மூன்றாவது தட்டில், இரண்டாவது டிவிஷன் என்ற பெயரில் கிடக்கிறார்கள்.

இதை வேறு யாரும் கேட்டால் தலை சுற்றும் மாப்ள. எனக்குச் சுற்றவில்லை. எங்கள் ஊர் அய்யனார் கோயிலில் நடந்தது இதேதான். என் தாத்தா காலத்தில் முதல் பரிவட்டம் எங்கள் வகையறாவுக்கு. ஒரு கேஸில் தோற்றோம், மூன்றாவதுக்கு இறக்கிவிட்டார்கள். பிறகு முதல் மரியாதைக்காரர்கள் சண்டை போட்டுக்கொண்டு தனிக் கோயில் கட்டிப் போனார்கள். இரண்டாவதாக இருந்தவன் முதலாவதாகி, பரிவட்டத்தைக் கட்டிக்கொண்டு மீசையை முறுக்கினான். அவன் என்ன கிழித்தான்? ஒன்றுமில்லை. இரண்டாவதுக்கு வேறொரு வகையறாவைக் கொண்டுவந்து வைத்தார்கள், நாங்கள் மட்டும் இன்னமும் மூன்றாவது. திருவிழாவுக்குத் திருவிழா, மூன்றாவதாக விபூதி வாங்கும்போது என் வயிறு எரியும் எரிச்சல் எனக்குத்தான் தெரியும். அதனால் பிராக்கன்பி கதையைக் கேட்டதும் பையன் மேல் கோபம் வரவில்லை, எனக்கு அந்தக் கூட்டத்தின் மேல் பாவமாகப் போய்விட்டது. அங்கேதான் நான் சறுக்கினேன்.

அந்த வாரமே அழகர்கோவில் போய்ப் பதினெட்டாம்படிக் கருப்பு முன்னால் நின்று, "அய்யா, பிராக்கன்பி டவுன் முதலாவதுக்கு வரணும், வந்தா கருங்கிடாய் ஒண்ணு ஒனக்கு" என்று நேர்ந்துவிட்டேன். பக்கத்தில் நின்ற பூசாரி, "பிராக்கன்பி எங்கிட்டு இருக்கு, மேலூர் பக்கமா?" என்றார். இங்கிலாந்து என்றேன். "கடலத் தாண்டி சாமி வேட்டைக்குப் போகுமான்னு தெரியலயேப்பா. கேட்டுத்தான் பாப்போம்" என்று விபூதியைப் பூசினார். கிடாய்க் குட்டியை வாங்கிவந்து வீட்டில் கட்டினேன். சனிக்கிழமையானால் ராத்திரி, ஆட்டம் என்ன ஆனது என்று பார்க்க மெயின் ரோட்டில் கிரிதரனின் பிரவுசிங் சென்டரில் போய் உட்கார்ந்துவிடுவேன். உன் அக்கா முதலில் திட்டினாள். பிறகு, பிராக்கன்பி ஜெயித்தால் கிடாய்க்கு அகத்திக்கீரை, தோற்றால் வெறும் வைக்கோல் என்று அவளே ஒரு சட்டம் போட்டாள். நாகஜோதி கணக்கு டீச்சரல்லவா, இன்னும் எத்தனை ஆட்டம் பாக்கி, எத்தனை பாயிண்டு வேண்டும் என்று ஒரு நிமிஷத்தில் சொல்லிவிடுவாள். தோற்ற அன்றைக்கு அவள் முகத்தைப் பார்ப்பேன். அவள் கணக்குப் போட்ட தாளை மடித்துக்கொண்டு உள்ளே போய்விடுவாள். பாவம், மனசுக்குள்ளே குமைகிறது பிள்ளை என்று எனக்குச் சோறு இறங்காது. அவளுக்கு இருபத்தாறு முடிந்துவிட்டது மாப்ள. சொந்தக்காரன் ஒவ்வொருத்தனும் எதிரில் வந்தால் "மாப்பிள எப்ப வாராப்ல?" என்றுதான் கேட்கிறான். கடலுக்கு அப்பால் யாரோ பந்தாடி ஜெயிக்க எங்கள் பிள்ளை காத்திருக்கிறது என்று நான் எப்படிச் சொல்வேன்? எனக்குக் கண்ணில் தூக்கம் போய் ஒரு வருஷமாகிறது.

இந்த வருஷம் அழகர் ஆற்றில் இறங்கிய வாரத்தில் அங்கே ஆட்டமெல்லாம் முடிந்தது. பிராக்கன்பி பதினோராவது இடம். ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. கிடாய் கொழுத்துக் கன்றுக்குட்டி அளவு ஆகிவிட்டது, என்னைக் கண்டால் முட்ட வருகிறது. போச்சு, இன்னொரு வருஷம் என்று தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஆடி மாதம் கிரிதரன் ஒரு தாளை எடுத்துக்கொண்டு வீட்டுக்கே ஓடிவந்தான். "அண்ணே, ஒங்க பிராக்கன்பி ஏறிருச்சு. இங்க பாருங்க, லீக் ஒன்னுன்னு போட்ருக்கு." பார்த்தேன். தெளிவாக ஒன்று என்றுதான் இருந்தது. உன் அக்கா அங்கேயே குலவை போட்டாள். நாகஜோதி மட்டும் தாளை வாங்கி வெகுநேரம் பார்த்தாள், பிறகு மடித்துக் கொடுத்துவிட்டு உள்ளே போனாள். வெட்கம் என்று நினைத்துக்கொண்டேன். ஒரு வேன் பிடித்து, பங்காளி, அங்காளி, சம்மந்தி வீடு எல்லோரையும் ஏற்றிக்கொண்டு அழகர்கோவில் புளியந்தோப்பில் கிடாயை வெட்டினோம். பந்தியில் எலும்பு கடிக்கும்போது விருமாண்டி, மகனுக்கு நல்ல சேதி சொல்லலாம் என்று செல்போனை எடுத்தார். டவர் கிடைக்கவில்லை. ஒரு பாறை மேல் ஏறி நின்று கத்தினார். "ஏறிருச்சுடா, கெடா வெட்டியாச்சு, கெளம்பி வாடா" என்றார். செல்போனைக் காதோடு அழுத்திக் கேட்டார். பிறகு பாறை மேலிருந்தே எல்லோருக்கும் கேட்கும்படி என்னைப் பார்த்து, "சம்மந்தி, ஏறலயாம். எல்லாத் தட்டுக்கும் மறுபடி பேர மாத்திட்டாய்ங்களாம். பழைய முதல் டிவிசனுக்குச் சாம்பியன்சிப்பாம். பழைய ரெண்டாவதுக்குத்தேன் லீக் ஒன்னாம். நம்ம ஆளுக இருந்த எடத்துலயேதேன் இருக்காய்ங்களாம்" என்றார். பந்தியில் ஒருத்தனும் இலையை விட்டு எழுந்திருக்கவில்லை. இரண்டாம் தடவை குழம்பு கேட்டார்கள்.

இப்போது நான் கேட்கிறேன், நீ நியாயம் சொல். தொண்ணூற்றிரண்டில் பேர் மாறியபோது முதல் டிவிஷன் ஆகிவிட்டோம் என்று ஒத்துக்கொண்டார்களா இல்லையா? அது செல்லும் என்றால் இதுவும் செல்ல வேண்டும். அதோடு, பையன் வேண்டிக்கொண்டது முதல் டிவிஷனுக்கு ஏற வேண்டும் என்று. அந்தப் பேரில் இப்போது அங்கே ஒரு தட்டும் கிடையாது. இல்லாத மாடிக்கு எவன் ஏறுவான்? அவன் சாகும்வரை பிரம்மச்சாரியாக இருக்க வேண்டியதுதானா? கிடாயும் போய், மானமும் போய், பங்காளி வீட்டுப் பிள்ளைகள் என்னைத் தெருவில் பார்த்தால் "பெரியப்பா, எத்தனாவது தட்டு?" என்கிறார்கள். ஆகவே நீ தாய்மாமன் என்கிற முறையில் செய்ய வேண்டியது இது: அவன் கையையும் காலையும் கட்டியாவது, வரும் தை மாதத்துக்குள் விமானத்தில் ஏற்றிவிடு. மூன்றாவது தட்டோ நாலாவது தட்டோ, எனக்கு மாப்பிள்ளை வந்தால் போதும். மண்டபத்துக்கு முன்பணம் கொடுக்க நாளைக்குப் போகிறேன். இனி அந்தப் பந்தாட்டப் பேச்சை இந்த வீட்டில் யாரும் எடுக்கக் கூடாது என்று உத்தரவு போட்டுவிட்டேன்.

உனக்கும் உன் சம்சாரத்துக்கும் பிள்ளைகளுக்கும் கள்ளழகர் ஒரு குறையும் வைக்காமல் காக்கட்டும். உன் அக்கா, குளிருக்குக் காதை மூடிக்கொண்டு வெளியே போகச் சொல்கிறாள்.

இப்படிக்கு,
உன் மச்சான்,
கண்ணுச்சாமி.

பின்குறிப்பு: மேலே கண்டதை எழுதி, ஒட்டுவதற்குச் சோற்றுப் பருக்கை கேட்டு அடுப்படிக்குப் போனேன். நாகஜோதி இருந்தாள். "யாருக்குப்பா?" என்றாள். சொன்னேன். "ஒட்டாதீங்க" என்றாள். அவளும் கருப்பிடம் ஒரு நேர்த்தி வைத்திருந்தாளாம். நான் போய் வந்த மறுவாரமே பள்ளிக்கூடத்து டீச்சர்களோடு போனவள், அந்தக் கூட்டம் மேலே ஏறவே கூடாது, ஏறாவிட்டால் ஆளுயர அருவாள் ஒன்று செய்துவைக்கிறேன் என்று கும்பிட்டிருக்கிறாள். "பையனப் பிடிக்கலையா தாயி?" என்றேன். "பிடிச்சுதாம்ப்பா இருந்துச்சு. அன்னைக்கி என்னப் பாத்தாப்ல, பிடிச்சிருக்குன்னாப்ல, ஒடனே பதினோரு பேரு ஓடி முடிக்கட்டும், அப்பறம் வாரேன்னாப்ல. மூணாவதா விபூதி வாங்குறதுக்கே ஒங்களுக்கு வயிறு எரியுதே, அந்த வீட்டுல நான் எத்தனையாவது மரியாதப்பா? தோத்தாலும் பரவால்ல, இவளுக்காக வாரேன்னு ஒரு நா கெளம்பி வருவாப்லயான்னுதேன் அந்த அருவாள நேந்தேன். வரல" என்றாள். ஒன்றரை வருஷமாகக் கணக்குப் போட்டுச் சொன்ன பிள்ளை, அழாமல்தான் சொன்னாள். நான்தான் அழுதேன்.

அப்புறம்தான் கருப்பின் தீர்ப்பு எனக்கு விளங்கியது. ஒரே கூட்டத்துக்கு அப்பன் ஏற வேண்டும் என்கிறான், மகள் ஏறக் கூடாது என்கிறாள். அய்யா பேரை மட்டும் மேலே ஏற்றி எனக்குக் கிடாய்க் கணக்கைத் தீர்த்தார், ஆளை அதே இடத்தில் வைத்து அவளுக்கு அருவாள் கணக்கைத் தீர்த்தார். பட்டறையில் அருவாளுக்குச் சொல்லியாயிற்று. அடுத்த ஞாயிறு அதைத் தோளில் வைத்துத் தூக்கிக்கொண்டு போகப் போவது நான்தான். மண்டபம் வேண்டாம். முத்துக்குமரனைக் கட்டித் தூக்கி வர வேண்டாம். அவன் அங்கேயே சௌகரியமாக இருக்கட்டும், என் மகள் யாருக்கும் இரண்டாவதாக நிற்க வேண்டியதில்லை என்று சொல்லிவிடு.

சொல்லும்போது, நேற்று பிராக்கன்பி ஆட்டம் என்ன ஆனது என்று மட்டும் அவனிடம் கேட்டு ஒரு போன் போடு. கிரிதரன் கடையில் நேற்றிலிருந்து நெட் இல்லை. விடிந்ததும் போட்டால் நாகஜோதி எடுப்பாள், அதனால் அவள் பள்ளிக்கூடம் போன பிறகு போடு. உன் அக்கா, அகத்திக்கீரையை வாங்கி வைத்துவிட்டு, கிடாய் இல்லாதது ஞாபகம் வந்து உட்கார்ந்திருக்கிறாள்.