தட்டு சொல்தா சொன்ன ‘போ’

தட்டிப் பார்க்காமல் தட்டு சொல்தா நம்பிய பொருள் இந்த உலகத்தில் ஒன்றுகூடக் கிடையாது. தர்பூசணியைத் தட்டுவார். அது சரி, எல்லாரும் தட்டுவதுதான். அவர் டீக்கடை பெஞ்சையும் தட்டிவிட்டுத்தான் உட்காருவார். பஸ் ஏறும் முன்னால் அதன் வயிற்றில் இரண்டு தட்டு. ஒரு தடவை காய்ச்சல் என்று போனவரை டாக்டர் நெஞ்சில் தட்டிப் பார்த்திருக்கிறார். இவர் எழுந்து டாக்டர் நெஞ்சைத் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் மாத்திரையை வாங்கிக்கொண்டாராம்.

பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்தவர்களை எங்கள் காரைக்காலில் சொல்தா என்போம். பட்டாளம் என்றதும் துப்பாக்கி என்று நினைத்துவிடாதீர்கள். இவருக்கு அங்கே பாராசூட் மடிக்கிற வேலை.

“முப்பது வருசம் மடிச்சேன். ஒருத்தன்கூட வந்து கொற சொன்னதில்ல” என்பார். ஒரு வாய் டீ உள்ளே போகும். “அதான் இன்னிக்கி வரைக்கும் சந்தேகமா இருக்கு.”

நானும் என் அண்ணன் செல்வமும் அரசலாற்றுக் கரையில் ஃபைபரில் போட்டு, அதாவது படகு, செய்யும் ஷெட்டில் வேலை பார்த்தோம். நான் எட்டாவதோடு நின்றவள். ஃபைபர் மேட் என்கிற கண்ணாடி நார் விரிப்பை அளந்து வெட்டிக் கொடுப்பேன், அண்ணன் அதை மோல்டில் விரித்து ரெசின் ஊற்றி ரோலர் தள்ளுவான். அதுவரை அடுத்தவர் வேலைக்குக் கை கொடுத்துக்கொண்டிருந்தவன். முதல் தடவையாக அடி முதல் மேல்தட்டு வரை அவன் பொறுப்பிலேயே செய்த போட்டு, இந்தச் சொல்தாவின் போட்டுதான்.

அது மீன்பிடிக்கிற போட்டு இல்லை. நீளம் இருபத்துமூன்று அடி. எஞ்சின் பேருக்கு ஒன்று இருக்கும், ஓடுவதெல்லாம் பாயில். பந்தயம் விடுகிற வேகத்திலும் போகவேண்டும், உள்ளே படுத்துத் தூங்கி எழுந்து சோறு பொங்கித் தின்னவும் வேண்டும். அடியில், சுறாவின் துடுப்பைத் தலைகீழாக மாட்டின மாதிரி ஒரு ஈயக்கட்டை. பாய் எந்தப் பக்கம் இழுத்தாலும் அதுதான் போட்டை நிமிர்த்தும். அதை போல்ட்டு போட்டு முடுக்குகிற இடத்தில்தான் அந்தப் போட்டின் உயிர் இருக்கிறது.

ஊர் சும்மா இருக்குமா? “மீன் புடிக்காது, ஆளு ஏத்தாது. அப்ப எதுக்குய்யா போட்டு?” என்று டீக்கடையில் பேச ஆரம்பித்தார்கள். தங்கம் என்றார்கள். பிரான்சுக்கு ஆள் கடத்துகிறார் என்றார்கள். எனக்கும் சந்தேகம்தான். நான் அவரைத் திருடன் என்றே முடிவு கட்டியிருந்தேன். இதை எழுத எனக்கு வெட்கமில்லை, அன்றைக்கு அப்படித்தான் நினைத்தேன்.

கடலோரப் போலீஸ்காரர் ஒருவர் நிரப்பவேண்டிய ஃபாரத்தோடு வந்தார். “போட்டோட நோக்கம் என்னாங்க?”

“நீங்க எதுக்குக் கேக்குறீங்க?” என்றார் சொல்தா. போலீஸ்காரர் மேலேயே அவருக்குச் சந்தேகம். அடையாள அட்டையை வாங்கி, அதையும் சுண்டிப் பார்த்தார். அரைமணி நேரம் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் விசாரித்தார்கள். கடைசியில் போலீஸ்காரர் களைத்துப்போய் ‘காற்று வாங்க’ என்று எழுதிக்கொண்டு போனார். பாய்மரப் போட்டுக்கு அதைவிடச் சரியான பதில் கிடையாது.

சாமான்கள் ஒவ்வொன்றாக வந்தன. முதலில் ஒரு திசைகாட்டி. அது பொய் சொன்னால் என்ன செய்வது என்று இன்னொன்று வாங்கினார். இரண்டும் கொஞ்சம் வேறுவேறாகக் காட்டின. மூன்றாவது ஒன்று வந்தது. “ரெண்டு பேரு எந்தப் பக்கம் கைதூக்குறானோ அதான் வடக்கு” என்றார். போட்டு சாய்ந்தாலும் சாயாமல் ஆடிக்கொண்டே நிற்கும் அடுப்பு ஒன்று வந்தது. அதில் ரசம் வைத்து, எங்களிடம் அதை ஊஞ்சல் மாதிரி ஆட்டச் சொன்னார். லைஃப் ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு அரசலாற்றில் இறங்கி ஒரு மணி நேரம் அசையாமல் மல்லாந்து கிடந்தார். பாலத்தில் போனவர்கள் பார்த்துவிட்டுத் தீயணைப்பு வண்டியைக் கூப்பிட்டுவிட்டார்கள். வண்டி வந்ததும் இவர் தண்ணீரிலிருந்தே, “அவுங்க கூப்புட்டு பதினெட்டு நிமிசம் ஆவுது. ரொம்ப லேட்டு” என்றார்.

ஆனால் அண்ணனைப் படுத்தியதுதான் பெரிது. ரெசினை இறுக்குகிற ஹார்டனர் ஊற்றினால், “எம்புட்டு ஊத்துன?” ரோலர் தள்ளினால், “காத்து உள்ள மாட்டிக்கிச்சா?” சாயங்காலம் ஆனதும் இடுப்பிலிருந்து ஒரு சின்னக் கொட்டாப்புளியை எடுப்பார். மரத்தில் கடைந்தது, தேங்காய்ச் சில்லு அளவுதான் இருக்கும். காதைப் போட்டில் ஒட்டவைத்துக்கொண்டு அங்குலம் அங்குலமாகத் தட்டுவார். டொக், டொக். உள்ளே பொக்கை இருந்தால் சத்தம் மாறுமாம். மாறிய இடத்தில் சாக்பீஸால் ஒரு பெருக்கல் குறி. மாறாத இடத்தில் நிமிர்ந்து, அண்ணன் முகத்தைப் பார்த்து, “போ” என்பார்.

அவர் வாயில் இருந்தது பிரான்சில் கட்டின பல்செட்டு. அதைத் தாண்டி எந்தச் சொல்லும் முழுசாக வெளியே வராது. இந்தச் சொல் மட்டும் தெளிவாக வரும். போ. அடுத்த இடம், டொக் டொக், போ.

குற்றம் கிடைக்காத கடுப்பில் விரட்டுகிறார் என்று நாங்கள் நினைத்தோம். அண்ணன் வீட்டுக்கு வந்து சோற்றைப் பிசைந்துகொண்டே பொருமுவான்.

“இன்னிக்கி நாப்பது தடவ போன்னுட்டாரு.”

“போயிற வேண்டியதானண்ணே.”

“போனா? போட்டு என்னாவுறது? எம்போட்டுடி அது. அவுரு வெரட்டுனா நான் போயிருவனா?”

பெருக்கல் குறி விழுந்த இடத்தையெல்லாம் தேய்த்தெடுத்து மறுபடி போட்டான். கடைசியில் ஒரு குறிகூடப் பாக்கியில்லை. போட்டை ஆற்றில் இறக்கப் பத்து நாள் இருந்தது. அண்ணனுக்குக் காய்ச்சல் வந்தது. ஒரு வாரம்தான்.

அவனைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருந்தோம். சொல்தா கோட்டுப் போட்டுக்கொண்டு வந்தார். வாசலில் நின்றவர்களை ஒவ்வொருவராகச் சந்தேகமாகப் பார்த்துக்கொண்டே உள்ளே வந்தார். அண்ணன் தலைமாட்டில் வெகுநேரம் நின்றார். குனிந்து, கண்ணாடியில் விரல் முட்டியால் இரண்டு தட்டு.

“போ” என்றார்.

எங்கள் சித்தி அழுகையை நிறுத்திவிட்டாள். “செத்தவனையும் வெரட்டுறான் பாருடி, பாவி!” சித்தப்பா அவர் கையைப் பிடித்து வெளியே கொண்டுபோய் விட்டார். ஏன் தள்ளுகிறார்கள் என்று தெரியாமல் அந்த மனுஷன் தெருவில் நின்று முழித்துக்கொண்டிருந்தார். அன்றிலிருந்து அவர் கடலில் கவிழ்ந்து போகவேண்டும் என்று நான் வேண்டிக்கொண்டேன். போட்டு மட்டும் நன்றாகத் திரும்பிவர வேண்டும். அதுவும் சேர்த்துத்தான் வேண்டினேன்.

பதினாறு கழிந்து நான் ஷெட்டுக்குப் போனால், இன்னும் இறக்காமல் நிறுத்தி வைத்திருந்த போட்டுக்குள்ளே, ஈயக்கட்டையை முடுக்கியிருக்கிற இடத்துக்குப் பக்கத்தில், புதுசாக ஒரு சாக்பீஸ் குறி. பெருக்கல் இல்லை, பெரிய வட்டம். நடுவில் இங்கிலீஷ் எழுத்து மூன்று. பி, ஓ, என்.

ஷெட் முதலாளி வெளியூர்க்காரர். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எழுத்துக் கூட்டிப் படித்தார். “போன். போன். போன எடம்னு எழுதியிருக்காருய்யா. கெட்டுப் போன எடம்!” பிறகு மேஸ்திரியிடம் மெதுவாகச் சொன்னார், நான் மேட் கட்டுக்குப் பின்னால் இருப்பது தெரியாமல். “ட்ரயல்ல தண்ணி வந்துச்சுன்னா செல்வம் போட்ட அடின்னு சொல்லிருவோம். அவனா வந்து மறுத்துப் பேசப்போறான்?”

 எங்கள் அண்ணன் இந்த ஊரில் விட்டுப்போன பொருள் அந்த ஒரு போட்டுதான். அது ஒழுகினால், காரைக்காலில் எந்தப் போட்டு ஒழுகினாலும் ‘செல்வம் வேலை’ என்று பேர் வைத்துவிடுவார்கள். ட்ரயலுக்கு நானும் வருகிறேன் என்றேன். ஷெட்டில் வேறு யாருக்கும் சொல்தாவோடு கடலுக்குப் போகத் துணிச்சல் இல்லாததால் முதலாளி சரி என்றார்.

நான் செய்ததையும் சொல்லிவிடுகிறேன். சாப்பாட்டுப் பைக்குள் ஒரு கைக்குட்டை அளவு மேட்டும், சின்ன டப்பாவில் ரெசினும் ஹார்டனரும் ஒளித்து வைத்துக்கொண்டேன். தண்ணீர் வந்தால் யார் கண்ணிலும் படும் முன் அடைத்துவிடுவது என்று திட்டம். ஈரத்தில் ரெசின் ஒட்டாது என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் எடுத்துப் போனேன்.

மூன்றாவது ஆள், கோட்டுச்சேரிமேட்டு மாரியண்ணன். முப்பது வருஷம் கடல் பார்த்தவர். பாயை நம்பாமல் ஒரு லாரி ட்யூப், சாமி திருநீறு, இரண்டு நாளைக்குச் சோறு, ஒரு பெரிய பாட்டில் மோர் எல்லாம் கொண்டுவந்திருந்தார்.

“ரெசின் வாட வருது” என்றார் சொல்தா ஏறியதும், என் பையைப் பார்த்து.

“புதுப் போட்டு, அப்படித்தான் வரும்” என்றேன்.

முகத்துவாரம் தாண்டியதும் சொல்தா எஞ்சினை நிறுத்திவிட்டார். மாரியண்ணனுக்கு முகம் வெளுத்துவிட்டது. “என்னாங்க இது, காத்து நின்னுபோனா என்னா பண்ணுவீங்க?”

“காத்துக் கெடக்கணும்.”

பெரிய பாயை ஏற்றினார். அவ்வளவுதான். இத்தனை நாள் ஷெட்டில் பிணம் மாதிரிக் கிடந்த போட்டு, ஒரு பக்கமாகச் சாய்ந்து, விர்ரென்று கிளம்பிவிட்டது.

“கவுறுது, கவுறுது!” என்று மாரியண்ணன் ட்யூபுக்குள் தலையை விட்டார்.

“கவுறல. சாயுது.”

“ரெண்டுக்கும் என்னாங்க வித்தியாசம்?”

“கவுந்தா தெரியும்.”

நான் உள்ளே இறங்கி அந்த வட்டத்தின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். மேலே சொல்தா ஒவ்வொரு கயிறாகத் தட்டித் தட்டி இழுத்துக்கொண்டிருந்தார். போட்டு அந்தப் பக்கம் திரும்பியது, இந்தப் பக்கம் சாய்ந்தது, அலையில் ஏறி ‘தொம்’மென்று விழுந்தது. ஒவ்வொரு தொம்முக்கும் எனக்கு உயிர் போய் வந்தது. கை காய்ந்திருந்தது. ஒரு மணி நேரம் காய்ந்தே இருந்தது.

பிறகு நனைந்தது.

உள்ளே அரை இருட்டு. விரலைத் தூக்கினால் சொட்டியது. நாக்கில் வைத்தேன். உப்பு. முடிந்தது, அண்ணன் பேர் போச்சு என்று பைக்குள் கையை விட்டேன். அப்போது பல்லில் என்னமோ மாட்டியது. எடுத்துப் பார்த்தால் கறிவேப்பிலை.

வங்காள விரிகுடாவில் கறிவேப்பிலை கிடையாது. மாரியண்ணனின் மோர் பாட்டில் மூடி திறந்து உருண்டு கிடந்தது.

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. சத்தம் கேட்டு, சுக்கானை மாரியண்ணனிடம் கொடுத்துவிட்டு சொல்தா இறங்கி வந்தார். மோரைத் துடைத்தார். மண்டிபோட்டு, வட்டத்துக்குள் காதை வைத்து, டொக், டொக். நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார்.

“போ.”

“எங்க போவச் சொல்றீங்க? நடுக்கடல்ல எங்க போவ?” என்று கத்திவிட்டேன். “எங்கண்ணன நாளு பூரா போ போன்னு வெரட்டுனீங்க. செத்துக் கெடந்தவன் தலமாட்டுலயும் நின்னு போன்னீங்க. இங்க கெட்டுப்போன எடம்னு வேற எழுதி வச்சிருக்கீங்க. எங்க கெட்டுருக்கு, காட்டுங்க!”

அவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். “யாரு பாப்பா போவச் சொன்னா?” என்றார். பிறகு என்னமோ புரிந்த மாதிரி, பல்செட்டைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டார். பொக்கை வாயால், மூக்கோடு சேர்த்து, மெதுவாகச் சொன்னார்.

“போங்.”

மேலேயிருந்து மாரியண்ணன் குரல் வந்தது. “இப்ப மரியாதையா போங்கங்குறாரு தங்கச்சி.”

“அது பிரெஞ்சு பாப்பா” என்றார் சொல்தா. “நல்லாருக்குன்னு அர்த்தம். கொற இல்லன்னா நாங்க அப்படித்தான் சொல்லுவோம். பெயிண்ட் அடிக்கிறவன் சந்தேகப்பட்டு இங்க தோண்டிரக்கூடாதுல்ல, அதுக்குத்தான் எழுதிப்போட்டேன். இந்த எடத்தத் தொடாத, இது நல்லாருக்குன்னு.”

 நான் பையை மூடிக்கொண்டே கேட்டேன். “அன்னிக்கி பெட்டியில தட்டுனீங்களே?”

அவர் கொட்டாப்புளியைப் பார்த்துக்கொண்டே இருந்தார். “பொருளத்தான் தட்டிச் சொல்லுவேன். மனுசன யாரையும் அப்படிச் சொன்னதில்ல பாப்பா. அன்னிக்கிச் சொல்லணும்னு தோணுச்சு.”

ஒரு நாளைக்கு நாற்பது தடவை நல்லாருக்கு, நல்லாருக்கு என்று கேட்டுவிட்டு, அண்ணன் வீட்டுக்கு வந்து சோற்றைப் பிசைந்து பொருமியிருக்கிறான். அதை நினைத்தால் எனக்கு இப்போதும் சிரிப்பு வரும். சிரித்து முடிக்கத்தான் முடியாது.

கரைக்கு வந்ததும் முதலாளி ஓடிவந்து, “தண்ணி வந்துச்சா?” என்று கேட்டார். “மோரு வந்துச்சு” என்றார் மாரியண்ணன். இப்போது முதலாளி வருகிறவர்களிடமெல்லாம் அந்தப் போட்டைப் பற்றித்தான் பேசுகிறார், எங்க செல்வம் போட்ட அடி என்று. ரோலர் நான் தள்ளுகிறேன்.

சொல்தா போட்டோடு கிளம்பிவிட்டார். கரையோரமாகவே வடக்கே போய்க்கொண்டிருக்கிறார். எங்கே போகிறார் என்று கேட்டால், ஏன் கேட்கிறாய் என்பார். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வாட்ஸ்அப்பில் அவர் குரல் வரும். சாப்பிட்டாயா, நல்லாயிருக்கிறாயா, எதுவும் கிடையாது. பின்னால் அலைச் சத்தம், பிறகு டொக், டொக். பிறகு அந்த ஒரு சொல்.

ஃபோனை அண்ணன் படத்துக்குப் பக்கத்தில் வைத்து, சத்தத்தைக் கூட்டி, இரண்டு தடவை போடுவேன். இப்போதெல்லாம் அண்ணன் கோபித்துக்கொள்வதில்லை.